வேலைக்குப் போனால் உதவித்தொகை நின்றுவிடுமா?

கேள்வி: எனக்கு 29 வயது. கருங்கல் பக்கம் வீடு. இரண்டு கால்களிலும் பாதிப்பு. சான்றிதழில் 65 சதவீதம். மாற்றுத்திறனாளி உதவித்தொகையாக மாதம் 1,500 ரூபாய் வருகிறது. பி.காம். முடித்திருக்கிறேன். மார்த்தாண்டத்தில் நாற்பது பேர் வேலை செய்யும் ஒரு ஜவுளிக்கடையில், கணக்கு எழுத 14,000 ரூபாய் தருவதாகச் சொல்கிறார்கள். "பென்ஷன் போயிருமே மக்களே" என்று அம்மா பயப்படுகிறார். முதலாளியோ, "பி.எஃப்., இ.எஸ்.ஐ. ஒண்ணும் வேண்டாம். சம்பளத்தைக் கையில தாறேன், பென்ஷனும் நிக்காது" என்கிறார். என்ன செய்யட்டும்?

பதில்: வேலைக்குப் போங்கள் சகோதரி. ஆனால் முதலாளி சொல்லும் வழியில் போகாதீர்கள்.

அம்மாவின் பயம் நியாயமானதுதான். மாதாமாதம் தவறாமல் வரும் பணத்தை விடுவது யாருக்கும் எளிதில்லை. வருவாய்த் துறை தரும் இந்த உதவித்தொகைக்கு வருமானமும் பார்ப்பார்கள். அதனால் சம்பளம் வந்தால் அது நிற்கலாம்; நிற்கும் என்றே கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள்.

இப்போது முதலாளி "வேண்டாம்" என்று சொல்வதன் விலையைப் பாருங்கள். 14,000 முழுவதும் அடிப்படைச் சம்பளம் என்றால், பி.எஃப்.புக்கு அவர் தன் பங்காக 12 சதவீதம், அதாவது 1,680 ரூபாய் கட்ட வேண்டும். இ.எஸ்.ஐ. என்கிற தொழிலாளர் காப்பீட்டுக்கு 3.25 சதவீதம், 455 ரூபாய். இரண்டும் சேர்த்து மாதம் 2,135 ரூபாய். 1,500 ரூபாயைக் காப்பாற்றித் தருவதாகச் சொல்லி, அதைவிடப் பெரிய தொகையை உங்களுக்குக் கிடைக்காமல் செய்கிறார்! இருபது பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் கடையில், 15,000 ரூபாய்க்குள் சம்பளம் வாங்குபவரை பி.எஃப்.பில் சேர்த்தே ஆக வேண்டும். இது அவர் காட்டும் சலுகை அல்ல, சட்டம்.

உங்கள் பங்காக 1,680-ம் 105-ம் பிடித்தபின் 12,215 ரூபாய் கைக்கு வரும். அந்த 105 ரூபாய்க்குத்தான் இ.எஸ்.ஐ. மருத்துவம், உங்களை நம்பியிருக்கும் அம்மாவுக்கும் சேர்த்து. தேவையான நாள்களுக்குச் சந்தா கட்டியிருந்தால், நோயில் படுத்தாலும் ஆண்டுக்கு 91 நாள் வரை 70 சதவீதச் சம்பளம் உண்டு. பொதுவாக 21,000 ரூபாய்ச் சம்பளம் வரைதான் இ.எஸ்.ஐ.; மாற்றுத்திறனாளிகளுக்கு 25,000 வரை. பி.எஃப்.பில் பத்து ஆண்டு சேவை இருந்தால் 58 வயதில் ஓய்வூதியமும் வரும். கையில் ரொக்கமாக வாங்கினால் இவை எதுவும் கிடையாது. வேலையை மறைத்து உதவித்தொகை வாங்கியது பின்னால் தெரியவந்தால், திருப்பிக் கட்டச் சொல்லவும் வாய்ப்பு உண்டு. அந்தக் கடன் உங்கள் தலையில்தான் விழும், முதலாளி தலையில் அல்ல.

என் கவலை 1,500 ரூபாய் பற்றியதே அல்ல, ஆட்டோக் கூலி பற்றியது. டவுன் பஸ்ஸில் உங்களுக்குக் கட்டணமில்லை, சரி. ஆனால் கூட்டத்தில் ஏறி இறங்க முடியுமா? ஆட்டோவுக்கு நாளுக்கு 200 ரூபாய் என்றால் 26 நாளுக்கு 5,200. மிச்சம் 7,015தான். இரண்டு கால்களும் பாதிக்கப்பட்டு, வேலைக்கோ கல்லூரிக்கோ போகிறவர்களுக்கு இணைப்புச் சக்கரம் பொருத்திய ஸ்கூட்டரை மாநில அரசு இலவசமாகத் தருகிறது. வேலையில் சேர்ந்த உடனே நாகர்கோவிலில் மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் விண்ணப்பியுங்கள். ஸ்கூட்டர் வரும்வரை ஆட்டோக் கூலியைச் சம்பளப் பேச்சிலேயே சேர்த்துக் கேளுங்கள்.

மாற்றுத்திறனாளி அடையாள அட்டை சம்பளத்தால் போகாது. வேலைவாய்ப்பு அலுவலகப் பதிவையும் மூன்று ஆண்டுக்கு ஒருமுறை புதுப்பித்து வாருங்கள்; அரசு வேலையில் 4 சதவீத இடஒதுக்கீடு உங்களைப் போன்றவர்களுக்குத்தானே.

வேலை நிலைக்காவிட்டால் உதவித்தொகைக்கு மறுபடி விண்ணப்பிக்கலாம், ஆனால் உடனே வந்துவிடும் என்று நம்பி இருக்காதீர்கள். அதற்காக மாதம் 2,000 ரூபாய் தபால் அலுவலக ஆர்.டி.யில் போட்டு வாருங்கள். பழைய உதவித்தொகை உத்தரவின் நகலையும் பத்திரமாக வையுங்கள்.

அவசரப்பட்டு முதலிலேயே தாலுகா அலுவலகத்துக்கு ஓட வேண்டாம். முதலில் பி.எஃப்., இ.எஸ்.ஐ. குறிப்பிட்ட நியமனக் கடிதத்தை வாங்குங்கள். முதல் மாதச் சம்பளம் வங்கிக் கணக்கில் விழட்டும், பி.எஃப். கணக்குக்கான யு.ஏ.என். எண் கைக்கு வரட்டும். அப்புறம் தாமதிக்காமல், வேலையில் சேர்ந்த தேதியைக் குறிப்பிட்டு, உங்கள் தாலுகாவின் சமூகப் பாதுகாப்புத் திட்டத் தனி வட்டாட்சியரிடம் எழுத்தில் கொடுத்து ஒப்புகை வாங்கிக்கொள்ளுங்கள்.