ஜிக், ஃபிக்ஸ்சர்: கேட்டதும் சொன்னதும்

டிப்ளமோ மாணவர்: சார், ஜிக்குக்கும் ஃபிக்ஸ்சருக்கும் என்ன வித்தியாசம்?

ஃபிக்ஸ்சர் ஜாப்பை, அதாவது மெஷினில் வேலை செய்யும் பொருளை, பிடிக்கும், அவ்வளவுதான். ஜிக் ஜாப்பைப் பிடித்து, டூல் இறங்கும் வழியையும் காட்டும். ட்ரில் புஷ், அதாவது ட்ரில்லுக்கு வழிகாட்டும் குழல், இருந்தால் ஜிக் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

ட்ரில்லிங் ஆபரேட்டர்: அண்ணா, பம்ப் ஃபிளாஞ்சில் நாலு துளை. ஜாப் காஸ்ட் அயர்ன், ஜிக் போட்டுத்தான் அடிக்கிறேன். காலையில் சரியாக இருக்கு, சாயங்காலம் துளை தள்ளிப் போகுது. மெஷின் கோளாறா?

மெஷினை அப்புறம் பார்க்கலாம் தம்பி, முதலில் ஜாப் உட்காரும் இடத்தைப் பாருங்கள். காஸ்ட் அயர்ன் தூள் மூலையில் சேரச் சேர ஜாப் சாய்ந்து உட்காரும், துளை கோணலாக இறங்கும். புஷ் தேய்ந்திருந்தால் காலையிலும் தப்பாகத்தான் வரும். ஒவ்வொரு ஜாப்புக்கும் பிரஷ் போடுங்கள். ஜிக்கின் உள்மூலையில் சின்னப் பள்ளம் வெட்டச் சொல்லுங்கள், தூளும் பிசிரும் அதில் ஒதுங்கும். புஷ்ஷுக்கும் ஜாப்புக்கும் நடுவே காஸ்ட் அயர்னுக்கு ட்ரில் விட்டத்தில் பாதி இடைவெளி போதும். சுருள் சுருளாக சிப் வரும் ஸ்டீலுக்கு ஒரு மடங்கிலிருந்து ஒன்றரை மடங்கு வேண்டும். இடைவெளியே இல்லாவிட்டால் சிப் முழுக்க புஷ் வழியாக ஏறி அதைத் தின்றுவிடும்.

ஜாப் ஒர்க் பட்டறை வைத்திருப்பவர்: கேஸ்டிங்கை (வார்ப்பு ஜாப்பை) மூன்று புள்ளியில் உட்கார வைக்கச் சொல்கிறார்கள். நான்கு வைத்தால் இன்னும் உறுதிதானே?

மெஷின் செய்யாத முகம் நான்கு புள்ளியில் ஒன்றாகப் படியாது. ஒன்று தூக்கி நிற்கும்; கிளாம்பை இறுக்கினால் ஜாப் வளையும், கழற்றினால் பழையபடி நிமிரும், அளவும் போய்விடும். அடியில் மூன்று, நீளப் பக்கத்தில் இரண்டு, முனையில் ஒன்று, இந்த ஆறு போதும். கிளாம்ப் அடித்தாங்கிக்கு நேர் மேலே விழட்டும், இரண்டு தாங்கிக்கு நடுவே விழுந்தாலும் இதே வளைவுதான். ஆனால் ஜிக்கின் கால்கள் நான்கு இருக்கட்டும். டேபிளில் ஒரு காலடியில் சிப் கிடந்தால் ஜிக் ஆடும், ஆபரேட்டருக்குத் தெரிந்துவிடும். மூன்று காலில் ஆடாமல் சாய்ந்து நிற்கும்.

குவாலிட்டி பிரிவு நண்பர்: ஜாப்பின் இரண்டு துளையில் நுழையும்படி ஃபிக்ஸ்சரில் இரண்டு வட்ட பின் வைத்திருக்கிறோம். சில ஜாப் ஏறவே மாட்டேன் என்கிறது.

துளைகளுக்கு இடையேயான தூரம் எல்லா ஜாப்பிலும் அச்சு அசலாக ஒன்றாக இருக்காதே! ஒன்றை டைமண்ட் பின்னாக, அதாவது இரு பக்கம் சீவிய பின்னாக, மாற்றுங்கள். சீவிய பக்கம் வட்ட பின்னைப் பார்த்து இருக்க வேண்டும். திருப்பிப் போட்டால் மாற்றியதே வீண்.

புதிதாக வி.எம்.சி. (கம்ப்யூட்டர் கட்டுப்பாட்டில் ஓடும் செங்குத்து மெஷினிங் சென்டர்) வாங்கியவர்: இனி ட்ரில் ஜிக்கைப் பழைய இரும்புக்குப் போடலாமா?

வி.எம்.சி.யில் ஓடும் ஜாப்புக்கு, போடலாம். துளை இடத்தை மெஷினே பார்த்துக்கொள்ளும். கையால் ஓட்டும் ரேடியல் ட்ரில்லில் ஓடும் ஜாப்பின் ஜிக்கைத் தொடாதீர்கள். ஆனால் வி.எம்.சி.யிலும் ஜாப்பைப் பிடிக்க ஃபிக்ஸ்சர் வேண்டும், அந்தச் செலவு மட்டும் குறையாது. ஜாப் மாற்றும் நேரமெல்லாம் டூலைச் சுழற்றும் ஸ்பிண்டில் சும்மா நிற்கும். டேபிளில் இடம் இருந்தால் ஒரே லோடில் நான்கு ஜாப் பிடிக்கிற மாதிரி செய்யுங்கள்.