நாய், பூனைகளின் தசைநாண் காயத்தை அல்ட்ராசவுண்டில் எப்படிக் கண்டுபிடிக்கிறார்கள்?

தசைநாண் என்பது தசையை எலும்போடு பிணைக்கும் உறுதியான நார்க்கட்டு. அல்ட்ராசவுண்ட் கருவி ஒலியை உள்ளே அனுப்பி, திரும்பி வரும் எதிரொலியைப் படமாக்குகிறது. நல்ல தசைநாண், நீளவாக்கில் பார்த்தால், சீப்பால் வாரிய முடி போல ஒழுங்கான வெள்ளைக் கோடுகளாகத் தெரியும். கிழிந்த இடத்தில் கோடுகள் கலைந்து கருமை தட்டியிருக்கும், தடித்தும் இருக்கலாம். ஆனால் கருவியைச் சற்றுச் சாய்த்துப் பிடித்தாலே நல்ல நாரும் கருப்பாகத் தெரிந்து ஏமாற்றிவிடும்! அதனால்தான் கோணத்தை மாற்றி மாற்றிப் பார்ப்பார்கள். அப்புறம் மறுகாலோடும் ஒப்பிடுவார்கள். முடியை மழிப்பதற்கும் காரணம் உண்டு: அதற்குள் சிக்கிய காற்று ஒலியைத் தடுக்கும். எக்ஸ்ரே சரியாக இருந்தால் காயமே இல்லை என்று பலர் நினைக்கிறார்கள். ஆனால் எக்ஸ்ரே முக்கியமாக எலும்பைக் காட்டுவது, தசைநாண் அறுந்திருந்தாலும் எலும்பு நன்றாகவே தெரியலாம்.