வரைபடத்தில் பூங்கா எங்கே இருக்கிறது? நகரமைப்பும் பொழுதுபோக்கு இடங்களும்: கேள்வி பதில்

மனைப்பிரிவு வரைபடங்களைப் பரிசீலிக்கும் பணியில் நெடுங்காலம் இருந்து ஓய்வு பெற்ற பெரியவர் ஒருவர், சென்னையிலிருந்தும் சுற்றுவட்டாரத்திலிருந்தும் வந்த கேள்விகளுக்குப் பதிலளிக்கிறார்.

ஓர் ஆசிரியை, தாம்பரம்: குடிநீருக்கும் சாக்கடைக்குமே பணம் போதாத ஊரில் பூங்காவைப் பற்றியும் விளையாட்டுத் திடலைப் பற்றியும் பேசுவது ஆடம்பரம் அல்லவா ஐயா?

இல்லை அம்மா. குழாயைப் பத்து ஆண்டுகள் கழித்துக்கூடத் தெருவைத் தோண்டிப் பதித்துவிடலாம். விற்றுப் பத்திரம் பதிந்து வீடும் எழும்பிவிட்ட மனைகளைத் திரும்ப வாங்கித் திடல் அமைப்பது எந்த நகராட்சிக்கும் எளிதில் கைகூடாது. ஆகவே வரைபடத்தில் சாலைக்கு அடுத்தபடியாகக் குறிக்க வேண்டியது திறந்தவெளிதான்.

சென்னையிலேயே இதற்குச் சான்று உண்டு. சென்ட்ரல் நிலையத்தை ஒட்டி, ஆளுநர் சார்லஸ் டிரெவெலியன் காலத்தில், 116 ஏக்கரில் மக்கள் பூங்கா உருவாக்கப்பட்டது. பின்னர் அந்த நிலத்தில் விக்டோரியா பொது மண்டபம் வந்தது, மூர் மார்க்கெட் வந்தது, 1913இல் ரிப்பன் மாளிகை திறக்கப்பட்டது, பிற்காலத்தில் நேரு விளையாட்டரங்கமும் எழுந்தது. ஒவ்வொன்றும் தனித்தனியே பார்த்தால் நியாயமான பொதுத் தேவைதான். பூங்காவை யாரும் பகைத்து அழிப்பதில்லை; ‘சும்மாதானே கிடக்கிறது’ என்ற எண்ணத்தில்தான் அது கரைகிறது. இன்று மை லேடீஸ் பூங்கா என்ற ஒரு துண்டும், பார்க் டவுன் என்ற பெயரும், மின்சார ரயில் நின்று செல்லும் பார்க் நிலையமும் மிஞ்சியிருக்கின்றன.

ஒரு கல்லூரி மாணவர், வியாசர்பாடி: ஒருவருக்கு எத்தனை சதுர மீட்டர் திறந்தவெளி வேண்டும் என்று அளவு இருக்கிறதா?

மத்திய அரசு 2014இல் வெளியிட்ட நகரமைப்பு வழிகாட்டி நெறிமுறைகள் ஆளுக்கு 10 முதல் 12 சதுர மீட்டர் என்கின்றன. ஆனால் சராசரிக் கணக்கில் மயங்கிவிடாதீர்கள் தம்பி. கிண்டி தேசியப் பூங்காவின் பரப்பை மொத்தக் கணக்கில் சேர்த்துக்கொண்டால், பள்ளி விட்டு வந்து பந்து உதைக்க இடம் தேடும் உங்கள் தெருப் பையனுக்கு அதனால் என்ன கிடைக்கும்? பெரிய சாலையைக் கடக்காமல் ஒரு குழந்தை நடந்து போய்ச் சேரக்கூடிய தூரத்தில் திடல் உண்டா என்பதையே நான் முதலில் பார்ப்பேன்.

மனை வாங்கியவர், கூடுவாஞ்சேரி: விளம்பரத்தில் பூங்கா என்று பச்சை வண்ணம் தீட்டிக் காட்டிய இடத்தில் இப்போது தகரக் கொட்டகை இருக்கிறது. நாங்கள் எதைப் பார்க்க வேண்டும்?

விளம்பரத் தாளை ஒதுக்கிவிட்டு, ஒப்புதல் பெற்ற வரைபடத்தின் நகலை வாங்குங்கள். தமிழ்நாடு ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகள், 2019இன்படி, 3,000 சதுர மீட்டருக்கு, அதாவது ஏறத்தாழ 74 சென்டுக்கு, மேற்பட்ட இடத்தில் சாலைகள் நீங்கலாக 10 சதவீதம் பொதுப் பொழுதுபோக்குக்காக ஒதுக்கப்பட வேண்டும். ஓ.எஸ்.ஆர். (திறந்தவெளி ஒதுக்கீடு) என்று அலுவலகத்தில் சொல்வது இதைத்தான். 10,000 சதுர மீட்டர் வரை நிலத்துக்கு ஈடாகப் பணம் கட்ட வழியுண்டு. அதற்கு மேற்பட்டால் நிலமாகவே கொடுத்தாக வேண்டும்.

அந்த நிலம் உள்ளாட்சி அமைப்புக்குத் தானப் பத்திரம் மூலம் எழுதித் தரப்பட்டிருக்க வேண்டும். எனவே அந்தப் பத்திரத்தின் எண்ணைக் கேட்டு வாங்குங்கள். வில்லங்கச் சான்றில் அந்தப் பதிவு வருகிறதா என்று பாருங்கள். பிறகு வரைபடத்தில் உள்ள அளவை நாடா பிடித்து நேரில் அளந்து ஒப்பிடுங்கள். 1959ஆம் ஆண்டின் பூங்காக்கள், விளையாட்டுத் திடல்கள், திறந்தவெளிகள் பாதுகாப்புச் சட்டம் தமிழ்நாட்டில் நடைமுறையில் இருக்கிறது என்பதையும் மனுவில் குறிப்பிடுங்கள். கொட்டகை தகரத்தில் இருக்கும்போதே மனு கொடுப்பது நல்லது. செங்கல் ஏறிவிட்டால் வழக்கு நீளும்.

என் மேசைக்கு வந்த வரைபடங்களில் 10 சதவீதம் பெரும்பாலும் சரியாகவே இருக்கும், ஆனால் அது மனைப்பிரிவின் கடைசி மூலையில், உயர் அழுத்த மின்கம்பிக்குக் கீழே, வேறு எதற்கும் உதவாத கோணல் துண்டாக இருக்கும். அதைத் திருப்பி அனுப்பி, நடுவில் சதுரமாக ஒதுக்கச் சொன்ன நாட்களை இன்றும் மனநிறைவோடு நினைக்கிறேன்.

அடுக்குமாடி உரிமையாளர், அண்ணா நகர்: எங்கள் பணத்தில் வாங்கிய நிலத்தை மாநகராட்சிக்கு ஏன் கொடுக்க வேண்டும்?

இந்தக் கேள்வி உச்ச நீதிமன்றம் வரை சென்றது. 2023 பிப்ரவரியில் அந்த நீதிமன்றம் இவ்விதி செல்லும் என்று தீர்ப்பளித்தது. உங்கள் வளாகத்தில் புதிதாகக் குடியேறும் நூற்றுக்கணக்கானோர் ஊரின் சாலையையும் காற்றையும் பகிர்ந்துகொள்கிறார்கள்; அதற்கு ஈடாக ஊருக்குத் தரும் பங்கு இது என்றே நான் கருதுகிறேன்.

ஒரு தாய், பெரம்பூர்: எங்கள் பகுதித் திடலில் பையன்கள் மட்டுமே இருக்கிறார்கள். பன்னிரண்டு வயது மகள் போகவே மறுக்கிறாள்.

உங்கள் மகளின் குறை அல்ல இது. திடலின் அமைப்பில் உள்ள குறை. ஆஸ்திரியாவின் வியன்னா நகரில் 1990களில் இதையே ஆராய்ந்தார்கள். ஏறத்தாழ ஒன்பது வயதுக்கு மேல் சிறுமிகள் பூங்காவிலிருந்து மறைந்துவிடுவதும், ஒரே பெரிய திடலாக இருக்கும்போது வலுவான பையன்கள் கூட்டம் அதை முழுவதுமாக எடுத்துக்கொள்வதும் தெரியவந்தன. பிறகு ஐன்சீட்லர் பூங்கா உள்ளிட்ட இரண்டு இடங்களை மாற்றியமைத்தார்கள்: திறந்த பரப்பைச் சிறு பகுதிகளாகப் பிரித்தார்கள், நடைபாதைகள் சேர்த்தார்கள், கைப்பந்துக்கும் இறகுப்பந்துக்கும் தனி இடம் தந்தார்கள். சிறுமிகள் திரும்பி வந்தார்கள்.

நம் ஊரில் இவற்றோடு இரண்டு தேவைகளைச் சேர்ப்பேன்: தாழ்ப்பாள் சரியாக விழும் கழிப்பறை, மாலை ஆறு மணிக்குப் பிறகும் எரியும் விளக்கு. உங்கள் வார்டு உறுப்பினரிடம் ஊஞ்சல் கேட்பதற்கு முன் இவற்றைக் கேளுங்கள்.

சக்கர நாற்காலி பயன்படுத்துபவர், திருவல்லிக்கேணி: எங்களுக்கு இடம் உண்டா?

மெரினாவில் அலை வரை செல்லும் மரப்பாதை 2022 நவம்பரில் திறக்கப்பட்டபோது, முதன்முறையாகக் கடலில் கால் நனைத்தவர்களின் முகங்களை நாம் எல்லோரும் பார்த்தோம். அடுத்த மாதமே மாண்டஸ் புயலில் அது சேதமடைந்து, பிறகு சீரமைக்கப்பட்டது. எனவே கட்டும்போதே பராமரிப்புக்கும் ஆண்டுதோறும் நிதி ஒதுக்க வேண்டும்.

வீட்டு வேலை செய்பவர், வேளச்சேரி: நான் ஓய்வாக இருக்கும் மதிய நேரத்தில் பூங்கா பூட்டியே கிடக்கிறதே?

நியாயமான கேள்வி அம்மா. எங்கள் பகுதிப் பூங்கா ஒன்றிலும் எட்டு வடிவ நடைபாதையில் நடப்பவர்களின் நேரத்தை மட்டுமே எண்ணித் திறப்பு நேரம் வகுத்திருந்தார்கள். நண்பகலில் பூட்டிய கதவுக்கு வெளியே, நடைபாதை விளிம்பில் அமர்ந்து சோற்றுத் தூக்கைத் திறந்த இரண்டு பெண்களைப் பார்த்த பிறகுதான் நாங்கள் சிலர் கையெழுத்து வாங்கி மனு கொடுத்தோம். நான்கு மாதம் அலைந்தோம். இப்போது அந்தக் கதவு பகல் முழுவதும் திறந்திருக்கிறது.