கை நடுங்குகிறது, கீழாநெல்லி போதுமா?

கேள்வி: என் கணவர் ரப்பர் பால் வெட்டுகிறார். தினமும் ராத்திரி ஒரு குவாட்டர். விடியற்காலை கை நடுங்குகிறது என்று ஒரு மடக்கு குடித்துவிட்டுத்தான் வெட்டுக்குப் போகிறார். ஈரல் கெடாமலிருக்க கீழாநெல்லி அரைத்து மோரில் கொடுக்கிறேன். நாளை முதல் பாட்டிலைத் தொடவே விடாமல் செய்யலாமா?
— பெயர் வெளியிட விரும்பாத வாசகி, குலசேகரம்

பதில்: தங்கச்சி, நாளைக்கே வேண்டாம். அந்த விடியற்காலை நடுக்கம்தான் எனக்குக் கவலையாக இருக்கிறது.

என் அப்பாவும் பால்வெட்டுக்காரர். கை நடுங்கிய நாளில் கத்தி பட்டையைத் தாண்டி மரத்தில் இறங்கிவிடும். அந்தக் காயம் முண்டும் முடிச்சுமாகத்தான் ஆறும். அப்பா வெட்டிய மரங்களை அந்த முடிச்சுகளை வைத்தே சொல்லிவிடலாம். ஒரு தவக்காலத்தில் சட்டென்று குடியை நிறுத்தினார். வீடே சந்தோஷப்பட்டது. மூன்றாம் நாள் வலிப்பு வந்து கிணற்றடியில் விழுந்தார். அதற்குப் பிறகுதான் நான் நர்ஸ் படிப்பில் சேர்ந்தேன்.

180 மில்லி குவாட்டரில் ஏறக்குறைய 60 கிராம் சுத்த ஆல்கஹால் இருக்கிறது. மணிக்கு ஏழெட்டு கிராம்தான் ஈரலால் எரிக்க முடியும். ராத்திரி 8 மணிக்குக் குடித்தது விடியற்காலை 4 மணிவாக்கில் தீர்கிறது. குடிக்குப் பழகிய நரம்புகள் அப்போது துடிக்கின்றன, அதுதான் நடுக்கம். மோர், எலுமிச்சை, காபி எதுவும் ஈரலின் வேகத்தைக் கூட்டாது. கீழாநெல்லியை நம்பிக் குடிப்பதும் சரியல்ல.

இந்த நிலையில் திடீரென்று நிறுத்தினால் இரண்டு மூன்று நாளில் வலிப்பு, பிதற்றல் வரலாம், உயிருக்கே ஆபத்து. அதனால் ஆசாரிபள்ளம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்கு அழைத்துப் போங்கள். மனநலப் பிரிவா என்று முகம் சுளிப்பார். கை நடுக்கத்துக்கு மருந்து வாங்கத்தான் போகிறோம் என்று சொல்லுங்கள், அது உண்மையும்கூட. குடிக்கிற அளவை டாக்டரிடம் குறைத்துச் சொல்லவேண்டாம். அதைப் பார்த்துத்தான் மாத்திரையின் அளவை முடிவுசெய்வார்கள். பி1 வைட்டமினும் கொடுப்பார்கள். ரத்தப் பரிசோதனையும் ஸ்கேனும் கேளுங்கள். ஈரலில் கொழுப்பு மட்டும் என்றால், குடியை விட்ட சில வாரங்களிலேயே குறையத் தொடங்கும். தழும்பு விழுந்த ஈரல் அப்படித் திரும்பாது. அதனால்தான் இப்போதே போகச் சொல்கிறேன். குடியை விட உதவும் 14446 என்ற இலவச எண்ணிலும் பேசலாம்.

அதுவரை வெறும் வயிற்றில் குடிக்க விடாதீர்கள். முதலில் மரச்சீனியும் மீன்கறியும் போகட்டும். ஈரலுக்கு அது காவல் இல்லை, போதை ஏறுவது மெதுவாகும், அவ்வளவுதான். தலைவலிக்குப் பாராசிட்டமால் நீங்களாகக் கொடுக்காதீர்கள், குடிக்கிற ஈரலுக்கு அது கூடுதல் சுமை. கண் மஞ்சளானாலோ, ரத்த வாந்தி வந்தாலோ, மலம் தார்போலக் கறுத்தாலோ விடியும்வரை காத்திருக்காமல் ஆஸ்பத்திரிக்குப் போய்விடுங்கள்.