கடற்கரைக் கடைக்கு 20 அடி போர்டு: சுவரில் ராவல் பிளக் போதுமா?

வணக்கம் சார். திருவான்மியூரில் கடல் பக்கம் கடை, 20க்கு 4 அடி ஏசிபி (அலுமினியத் தகடு ஒட்டிய பேனல்) போர்டு, மொட்டை மாடி கைப்பிடிச் சுவரில் ராவல் பிளக் (துளையில் செருகித் திருகு முடுக்கும் பிளாஸ்டிக் குழல்) போட்டு மாட்டலாம் என்று போர்டு செய்யும் ஃபேப்ரிகேட்டர் சொல்கிறார் என்று எழுதியிருந்தீர்கள். வேண்டவே வேண்டாம்.

பிரச்சினை போர்டின் எடை இல்லை, காற்று. சென்னைக்கு ஐஎஸ் 875 (கட்டடங்கள் மீதான சுமைக்கான இந்தியத் தரநிலை) சொல்லும் அடிப்படைக் காற்று வேகம் விநாடிக்கு 50 மீட்டர். அந்த வேகத்தில் சதுர மீட்டருக்கு ஏறத்தாழ 150 கிலோ அழுத்தம். உங்கள் போர்டுக்கு மொத்தம் 1,100 கிலோவைத் தாண்டும். நாலரை இஞ்ச் செங்கல் சுவர் தாங்காது. போர்டோடு சுவரும் சேர்ந்து தெருவில் விழும். போர்டைக் கீழே இறக்கி, கான்கிரீட் பீமிலும் தூணிலும் கெமிக்கல் ஆங்கர் (துளையில் பசை ஊற்றிப் பதிக்கும் போல்ட்) போடச் சொல்லுங்கள். துளையை ஊதித் தூசி எடுத்த பிறகுதான் பசை ஊற்ற வேண்டும். இதைத்தான் எல்லாரும் ஏமாற்றுவார்கள், பக்கத்தில் நின்று பாருங்கள்.

ஃப்ரேமை வெல்டிங் முடித்த பிறகு ஹாட் டிப் கால்வனைஸ் (உருகிய துத்தநாகத்தில் முக்கிப் பூச்சேற்றுவது) செய்யுங்கள். ஏற்கெனவே துத்தநாகம் பூசிய ஜிஐ பைப்பை வாங்கி வெல்டு வைத்தால் அந்த இடத்தில் பூச்சு எரிந்து, துரு அங்கேயே ஆரம்பிக்கும். போல்ட் 316 கிரேடு ஸ்டெயின்லெஸ் ஸ்டீல். உப்புக் காற்றில் 304 கிரேடு பழுப்பேறும். அலுமினியம் படும் இடத்தில் நைலான் வாஷர்.

8 அடி ஏசிபி ஷீட் வெயிலில் 2 முதல் 3 மில்லிமீட்டர் வரை நீளும். அதனால் இடைவெளி விட்டு சிலிக்கான் அடிக்கட்டும். அடியில் தண்ணீர் வடிய ஓட்டை மறக்க வேண்டாம்.

பீம் எந்த உயரத்தில் வருகிறது? போட்டோ போடுங்கள்.