அடிபட்ட தீயணைப்பு வீரருக்கு வக்கீல்: உங்கள் மகளுக்கு இந்தத் துறை சரிவருமா?

கலிஃபோர்னியாவில் சட்டம் படித்து, பணியில் அடிபட்ட தீயணைப்பு வீரர்களுக்கும் போலீஸ்காரர்களுக்கும் வக்கீலாக வேண்டும் என்கிறாள் உங்கள் மகள். வருமானம் வருமா என்பது உங்கள் கவலை. வரும், ஆனால் மெதுவாக வரும்.

ஒர்க்கர்ஸ் காம்ப், அதாவது வேலையால் காயமோ நோயோ வந்தவருக்கான இழப்பீட்டு வழக்கில், கட்சிக்காரர் முன்பணம் தருவதில்லை. நிரந்தர ஊனத்துக்கான இழப்பீடு முடிவானதும் வக்கீலின் பங்கை நீதிபதிதான் நிர்ணயிப்பார். வழக்கமாக 9 முதல் 15 சதவீதம். 40,000 டாலர் இழப்பீடு என்றால் அதிகபட்சம் 6,000. வழக்கு இழுத்தால் அந்தப் பணத்துக்கு வருடக்கணக்கில் காத்திருக்க வேண்டும். அதனால் படித்து முடித்ததும் தனி அலுவலகம் போட வேண்டாம். முதலில் ஒரு நிறுவனத்தில் சம்பளத்துக்குச் சேரட்டும்.

அடுத்து அவளுடைய சுபாவத்தைப் பாருங்கள். இங்கே ஜூரி இல்லை. நிர்வாகத்தின் தவறை நிரூபிக்க வேண்டியதும் இல்லை. நாளின் பெரும்பகுதி மருத்துவ அறிக்கைகளோடுதான் கழியும். அதில் சலிப்பில்லாதவளுக்கு இது அருமையான துறை.

ஏனென்றால் வழக்கின் உயிர் அந்த அறிக்கைகளில்தான் இருக்கிறது. தீயணைப்பு வீரருக்குப் பணிக்காலத்தில் இதய நோய் வந்தால், வேலையால் வந்ததாகவே சட்டம் அனுமானிக்கும்; இல்லையென்று காட்டுவது எதிர்த்தரப்பின் பொறுப்பு. புற்றுநோய்க்கும் அந்த அனுமானம் உண்டு, ஆனால் அதை உண்டாக்கும் பொருள் பணியில் அவர்மேல் பட்டதைக் காட்ட வேண்டும். வேலையை விட்ட பிறகும், முழுதாகப் பணியாற்றிய ஒவ்வொரு வருடத்துக்கும் 3 மாதம் என்ற கணக்கில், அதிகபட்சம் 10 வருடம்வரை அந்த அனுமானம் நீளும். மருத்துவர் ‘30 சதவீதம் பரம்பரைக் காரணம்’ என்று எழுதினால் சாதாரணத் தொழிலாளிக்கு அந்த 30 கழிந்துவிடும். இந்த அனுமானத்துக்குள் வரும் நோய்க்கு அப்படிக் கழிக்கக் கூடாது என்கிறது தொழிலாளர் சட்டத்தின் 4663-ஆம் பிரிவு. இதைக் கவனிக்காத வக்கீலால் ஒரு குடும்பத்துக்கு வரவேண்டிய பணம் போய்விடும்.

தேதிகளும் அப்படித்தான். கிளெய்ம் படிவம் கொடுத்து 90 நாளுக்குள் எதிர்த்தரப்பு மறுக்காவிட்டால் காயம் ஏற்கப்பட்டதாகக் கருதப்படும். 2023 முதல் மேற்சொன்ன அனுமான வழக்குகளுக்கு அது 75 நாள். தீயணைப்பு வீரருக்கும் போலீஸுக்கும் ஒரு வருடம்வரை முழுச் சம்பளம் தரும் 4850-ஆம் பிரிவு, தனியார் ஆம்புலன்ஸ் ஊழியருக்குக் கிடையாது. ஊனத்தால் ஓய்வு பெறுவதற்கான பென்ஷன் மனு தனி வழி. இழப்பீட்டு வழக்கு நடக்கிறதே என்று அதை விட்டுவிடுகிறவர்கள் உண்டு.

படிப்பு: ஏதேனும் நாலு வருட டிகிரி, எல்சாட் என்ற சட்டக் கல்லூரி நுழைவுத் தேர்வு, 3 வருட சட்டக் கல்லூரி, பிப்ரவரியிலோ ஜூலையிலோ வக்கீல் உரிமத்துக்கான 2 நாள் பார் தேர்வு. டிகிரியிலேயே உடற்கூறு, உடலியங்கியல் பாடங்களை எடுத்துக்கொள்ளச் சொல்லுங்கள். இந்த இழப்பீட்டு வழக்குகளை விசாரிக்கும் வாரியத்தின் முன் வக்கீல் அல்லாதவரும் ‘ஹியரிங் ரெப்ரசென்டேடிவ்’ ஆக ஆஜராகலாம் என்பதால், படிக்கும்போதே அப்படிப்பட்ட அலுவலகத்தில் உதவியாளராகச் சேர்ந்து பழகலாம். சில வருட அனுபவத்துக்குப் பிறகு வக்கீல்களுக்கு உரிமம் தரும் ஸ்டேட் பாரின் சிறப்பு வல்லுநர் சான்றிதழுக்கு முயலலாம்.

வேலைக்கான நேர்காணலில் அவள் தயங்காமல் கேட்க வேண்டியது ஒன்று: ஒரு வக்கீலிடம் எத்தனை ஃபைல் இருக்கும்? கட்டணம் குறைவு என்பதால் சில நிறுவனங்கள் ஃபைல்களைக் குவித்துவிடும். தேதி தவறுவதும் அறிக்கை படிக்கப்படாமல் கிடப்பதும் அங்கேதான். நேரடியாகப் பதில் சொல்லாத இடத்தில் சேர வேண்டாம்.