இடிக்கப்போகும் வாரியக் குடியிருப்பு: ஒதுக்கீடு ஒருவர் பெயரில், குடியிருப்பது நாங்கள்

கேள்வி: வடசென்னையில் நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியக் (பழைய குடிசை மாற்று வாரியம்) குடியிருப்பில் இரண்டாவது மாடியில் இருக்கிறோம். 2008-ல் முதல் ஒதுக்கீட்டுதாரரிடம் பணம் கொடுத்து, முத்திரைத்தாளில் எழுதி வாங்கிய வீடு. அவர் இறந்துவிட்டார். ரேஷன் கார்டு, வாக்காளர் அட்டை எல்லாம் இந்த முகவரியில் எங்கள் பெயரில் இருக்கின்றன. இப்போது கட்டடம் பலமில்லை, இடித்துவிட்டு அதே இடத்தில் புதிதாகக் கட்டப்போகிறோம், காலி செய்யுங்கள் என்று நோட்டீஸ் வந்திருக்கிறது. கூரையில் கம்பி வெளியே தெரிவது உண்மைதான். ஆனால் வெளியே போனால் உரிமை போய்விடும், கோர்ட்டில் ஸ்டே வாங்கலாம் என்கிறார்கள் பக்கத்து வீட்டுக்காரர்கள். என்ன செய்வது?
– ஒரு வாசகி, சென்னை

பதில்: சகோதரி, முதலில் பிள்ளைகளோடு அந்த வீட்டைவிட்டு வெளியே வந்துவிடுங்கள். 2021 டிசம்பரில் திருவொற்றியூரில் 24 வீடுகள் கொண்ட வாரியக் கட்டடம் அப்படியே சரிந்து விழுந்தது. விரிசலைப் பார்த்ததும் எல்லோரும் இறங்கி ஓடிவந்ததால்தான் ஓர் உயிரும் போகவில்லை. கம்பி தெரியும் கூரைக்குக் கீழே படுத்துக்கொண்டு உரிமையைக் காப்பாற்ற வேண்டிய அவசியம் சட்டத்தில் எங்குமே இல்லை. கட்டடம் ஆபத்தானது என்று பொறியாளர் அறிக்கை இருக்கும்போது, அங்கேயே குடியிருக்க நீதிமன்றம் ஸ்டே கொடுக்கும் என்று நம்பிப் பணத்தைச் செலவழிக்காதீர்கள்.

உங்கள் உண்மையான சிக்கல் அந்த முத்திரைத்தாள். வாரிய வீடுகள் பெரும்பாலும் தவணை முறையில் ஒதுக்கப்பட்டவை. முழுத் தொகையும் கட்டி, கிரயப் பத்திரம் பதிவாகும்வரை வீடு வாரியத்துடையது. அதுவரை ஒதுக்கீட்டுதாரர் அதை விற்க முடியாது. பவர் பத்திரம், ஒப்பந்தம் போன்றவற்றால் சொத்துரிமை கைமாறாது என்று உச்ச நீதிமன்றம் 2011-ல் சூரஜ் லேம்ப் வழக்கில் தெளிவாகவே சொல்லிவிட்டது. 12 வருடம் இருந்துவிட்டால் சொந்தம் என்ற பேச்சையும் விட்டுவிடுங்கள். அரசுக்கு எதிராக அந்தக் காலவரம்பு 30 வருடம். அதிலும், ஒதுக்கீட்டுதாரர் சம்மதத்தோடு உள்ளே வந்தவர் எதிரிடை அனுபவம் (பிறர் சொத்தை நீண்டகாலம் அனுபவித்ததால் வரும் உரிமை) கோருவது மிகக் கடினம்.

அதனால் எல்லாம் போய்விட்டது என்று நினைத்துவிடாதீர்கள். ரேஷன் கார்டும் வாக்காளர் அட்டையும் சொத்துரிமையைக் காட்டாவிட்டாலும், 2008 முதல் குடியிருப்பவர் நீங்கள்தான் என்பதைக் காட்டும். இடிப்பதற்கு முன் வாரியம் எடுக்கும் குடியிருப்போர் கணக்கெடுப்பில் உங்கள் கதவு எண்ணுக்கு நேராக யார் பெயர் எழுதப்படுகிறது என்பதில்தான் இனி எல்லாம் இருக்கிறது. இன்றே ஒரு தகவல் உரிமை மனு போடுங்கள். கட்டணம் 10 ரூபாய். ஒதுக்கீடு யார் பெயரில், நிலுவை எவ்வளவு, கிரயப் பத்திரம் கொடுக்கப்பட்டதா, புது வீடு பெறும் பயனாளிகள் பட்டியலில் இந்தக் கதவு எண்ணுக்கு யார் பெயர், கட்டடத்தின் உறுதித்தன்மை அறிக்கையின் நகல் – இவற்றைக் கேளுங்கள். பொதுவாக 30 நாளில் பதில் தர வேண்டும். உயிர் சம்பந்தப்பட்ட தகவல் என்றால் 48 மணி நேரம். எனவே அறிக்கையை மட்டும் தனி மனுவாக, அந்தக் காரணத்தை எழுதிக் கேளுங்கள்.

ஒருவேளை இறந்தவர் பெயரில் கிரயப் பத்திரமே பதிவாகியிருந்தால் நிலைமை தலைகீழ். அப்போது வாரிசுகள் உரிமையாளர்கள். அவர்கள் உங்களுக்கு முறையாகப் பதிவு செய்து கொடுக்க முடியும். பத்திரம் ஆகவில்லை என்றாலும் வாரிசுகளை இப்போதே தேடிப் போங்கள். புது வீடு என்றதும், இத்தனை வருடம் எட்டிப் பார்க்காதவர்களும் உரிமை கேட்டு வருவார்கள். வாரிசுச் சான்றிதழோடு ஆட்சேபணை இல்லை என்று அவர்கள் எழுதிக் கொடுத்தால், அதை இணைத்துப் பெயர் மாற்றம் கேட்டு வாரியத்துக்கு மனுக் கொடுங்கள். ஏற்பது வாரியத்தின் முடிவு. ஒதுக்கீட்டுதாரருக்கு உறவு என்று மட்டும் மனுவில் பொய் எழுதாதீர்கள். பின்னால் அந்த ஒரு வரியே வழக்கைச் சாய்த்துவிடும்.

காலி செய்யும் நாளில் நீட்டும் தாளை வரி வரியாகப் படியுங்கள். 'இனி எந்த உரிமையும் கோரமாட்டேன்' என்று இருந்தால், புதுக் கட்டடத்தில் வீடு கேட்கும் உரிமைக்கு உட்பட்டே ஒப்படைக்கிறேன் என்று கையெழுத்துக்கு மேல் எழுதுங்கள். எழுத விடாவிட்டால் அதையே கடிதமாக அன்றைக்கே வாரியத்துக்கு விரைவுத் தபாலில் ஒப்புகையோடு அனுப்புங்கள். காலி செய்யும் குடும்பத்துக்குத் தரப்படும், முன்பு 8,000 ரூபாயாக இருந்த இடமாற்றக் கருணைத் தொகை 24,000 ஆக உயர்த்தப்பட்டது. ஒன்றரை வருடத்தில் கட்டி முடித்தாலும் மாதத்துக்கு 1,333 ரூபாய்தான் வருகிறது. சென்னையில் அந்த வாடகைக்கு வீடு ஏது? கட்டுமானம் நீண்டால் கூடுதல் தொகை வேண்டும் என்று குடியிருப்போர் எல்லோரும் சேர்ந்து மனுக் கொடுப்பது நியாயம். புது வீட்டுக்கு நீங்கள் கட்ட வேண்டிய பயனாளி பங்குத்தொகை உண்டா, எவ்வளவு என்பதையும் முன்கூட்டியே எழுத்தில் வாங்குங்கள். பட்டியலில் பெயர் சேர்க்கிறேன் என்று வரும் இடைத்தரகருக்கு ஒரு ரூபாய்கூடக் கொடுக்காதீர்கள்.

பெயர் மாற்ற மனுவுக்குப் பதில் இல்லை, அல்லது மறுத்துவிட்டார்கள் என்றால், அரசியல் சாசனத்தின் 226-வது பிரிவின்கீழ் சென்னை உயர் நீதிமன்றத்தில் ரிட் மனு போடலாம். ஓல்கா டெலிஸ் வழக்கு (1985) வாழ்வாதாரத்தையும், சமேலி சிங் வழக்கு (1996) உறைவிடத்தையும் வாழ்வுரிமைக்குள் கொண்டுவந்தவை. இவற்றால் வீடு உறுதி என்று நான் சொல்லமாட்டேன். உங்களைக் கேட்காமல் பட்டியலிலிருந்து நீக்கக் கூடாது என்று வாதாட இவை துணை நிற்கும். புதுக் கட்டடத்தில் வீடுகள் ஒதுக்கப்படுவதற்கு முன்பே நீதிமன்றத்துக்குப் போய்விட வேண்டும். சாவி இன்னொருவர் கைக்குப் போனபின் மீட்பது மிகக் கடினம்.

வக்கீல் செலவை நினைத்துத் தயங்க வேண்டாம். சட்டப் பணிகள் ஆணையச் சட்டத்தின் 12-வது பிரிவுப்படி பெண்களுக்கு வருமான வரம்பு பார்க்காமல் இலவசச் சட்ட உதவி உண்டு. 15100 என்ற எண்ணில் அழைத்தால் வழி சொல்வார்கள். போகும்போது நோட்டீஸ், 2008 முத்திரைத்தாள், பழைய மின்கட்டண ரசீதுகள் எல்லாவற்றையும் எடுத்துச் செல்லுங்கள். எந்த அலுவலகத்திலும் நகலை மட்டும் கொடுங்கள். அசல் உங்களிடமே இருக்கட்டும்.